எண்ணூற்று ஐம்பது பஸ்கியும் ஒரு பானைத் தண்ணீரும்

நான் இப்போதும் பஸ்கி எடுக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக் கதை என்றாலே கேட்கிறவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறார்கள், "ஐயோ பாவம்" சொல்ல வாயைத் தயாராக வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். அறுபத்தாறு வயதில், கத்திரி வெயிலில்கூட, ஒரு நாளைக்குப் பத்து பஸ்கியாவது உட்கார்ந்து எழுகிறேன். இனி கேளுங்கள்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எண்கள் தெரியும், பஸ் நம்பர் தெரியும், என் பேரைக் கையெழுத்தாகப் போடத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று ஞாபகம் வந்துவிடும், அதையும் சொல்வேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முறைப்பாள். பரவாயில்லை.

எங்கள் வீடு கோவில்பதாகையில், ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம். என் அப்பா அந்த ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லை அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர். நான் வயலுக்குப் போகவில்லை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு இரும்புப் பட்டறைக்குப் போனேன். உலையில் கம்பியைச் சிவக்கப் போட்டு, இடுக்கியில் பிடித்துச் சம்மட்டி மெஷினுக்குக் கீழே வைக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷம். தினமும் சைக்கிள். மழைக்காலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போயிருக்கிறேன். அந்த உடம்பை எனக்குக் கொடுத்தது எங்கள் தெருக் கோடியில் இருந்த கசரத்துக் கொட்டகை.

கொட்டகை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். மேலே தகரம், கீழே சலித்துப் போட்ட செம்மண். ஒரு பார் கம்பி, நாலு ஜோடி கர்லாக்கட்டை, ஒரு மணல் மூட்டை, சுவரில் ஆஞ்சநேயர் படம். சந்தா கிடையாது, வாத்தியார் கிடையாது. ஆளுக்கு ஆள் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஆனால் சட்டம் உண்டு. செருப்போடு உள்ளே வரக்கூடாது. பெண்கள் உள்ளே வரக்கூடாது. கசரத்து முடிந்து உடம்பு ஆறும் வரை தண்ணீர் தொடக்கூடாது. தொட்டால் நெஞ்சு அடைக்கும், தொப்பை விழும், செய்ததெல்லாம் வீண். இதை யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். அது பிறகு வருகிறது.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ வருஷம், எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு சாயந்திரம் பார் கம்பியில் தொங்கிவிட்டு இறங்கும்போது கொஞ்சம் தடுமாறினேன். என் மனைவியின் தம்பி ஏழுமலை பார்த்துவிட்டான். அவன் வாய் சும்மா இருக்காது.

"இன்னா மாமே, அம்பத தாண்டிட்ட. இனிமே ஏரிக்கரைல கைய பின்னால கட்டிகினு வாக்கிங் போ. அதான் ஒனக்கு கசரத்து."

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே சுட்டது.

மறுநாள் ஆஞ்சநேயருக்கு ஒரு கற்பூரம் ஏற்றி மண்டலம் எடுத்தேன். எங்கள் கொட்டகையில் அது ஒரு விரதம். நாற்பத்தெட்டு நாள் விடாமல் பஸ்கி எடுக்க வேண்டும். முதல் நாள் முப்பது. ஒவ்வொரு நாளும் பத்து கூட்ட வேண்டும். நாற்பத்தெட்டாம் நாள் ஐந்நூறு. சுவரில் தினம் ஒரு கரிக்கோடு. ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் சூரியன் உச்சிக்கு வருவதற்குள் விட்டதையும் அன்றைக்குள்ளதையும் சேர்த்து, நடுவில் ஓய்வெடுக்காமல் செய்து முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழையபடி ஒன்றிலிருந்து.

நான் செய்த முதல் தப்பு, அதைப் பங்குனியில் ஆரம்பித்தது. கையில் விரல் விட்டு எண்ணியிருந்தாலே தெரிந்திருக்கும், கடைசி நாட்கள் கத்திரியில் வந்து விழும் என்று. மார்கழியில் செய்கிற கணக்கையே கத்திரியிலும் செய்வதுதான் ஆம்பளைத்தனம் என்று நினைத்தேன். மாடு கூட வெயிலுக்குத் தக்கபடி வேலையைக் குறைத்துக்கொள்ளும். நான் மாடாகக்கூட இல்லை.

நாற்பதாம் நாள் பட்டறையில் ஆள் வரவில்லை. இரண்டு ஷிப்ட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டி வந்தது. உலைக்கு முன்னால் பதினாறு மணி நேரம். வெயில் காலத்தில் கம்பெனியில் உப்புப் போட்டு மோர் கொடுப்பார்கள், அதைக்கூட நான் விரதம் என்று ஒரு டம்ளரோடு நிறுத்திவிட்டேன். அன்றைய நானூற்று இருபது நின்றுபோனது. மறுநாள் கணக்கு நானூற்று முப்பது. ஆக, உச்சி வேளைக்குள் எண்ணூற்று ஐம்பது.

காலை பத்து மணிக்குக் கொட்டகைக்குப் போனேன். தகரம் காய்ந்து கிடந்தது. உள்ளே நின்றால் பட்டறை உலையே தேவலை. ஏழுமலைதான் எண்ணினான். ஐந்நூறு வரை வாய்விட்டு எண்ணினான். அறுநூறில் அவன் குரல் இறங்கியது.

"மாமே, போதும். நான் சொம்மா தமாசுக்கு சொன்னேன். வுட்டுடு."

"எண்ணுடா."

எண்ணூறு தாண்டியதும் வியர்வை நின்றுபோனது. அதை நல்ல சகுனம் என்று நினைத்தேன். உடம்பு பழகிவிட்டதாம்! எண்ணூற்று ஐம்பதாவது பஸ்கியில் எழுந்து நின்று, சுவரில் இரண்டு கோடு போட்டேன். நாற்பது, நாற்பத்தொன்று. திரும்பினேன். வாசலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அப்புறம் செம்மண் வாயில் இருந்தது.

தனம் என் மனைவி. அவள் என் தலையில் தண்ணீர் ஊற்றி, கட்டை விரலுக்கும் தொப்புளுக்கும் விளக்கெண்ணெய் வைத்து, "சூடு, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சாயந்திரம் தொடை இரண்டும் வீங்கி, விறகுக் கட்டை மாதிரி இறுகிவிட்டன. தொட்டால் உயிர் போகும். மறுநாள் காலை சிறுநீர் போனது. நிறத்தைப் பார்த்தேன். பால் ஊற்றாத டீத்தண்ணி.

சிறுநீர் நிறம் மாறினால் எங்கள் பக்கத்தில் ஒரே வியாதிதான். மஞ்சள் காமாலை. ஏழுமலை ஓடிப்போய் ஏரி ஓரத்தில் கீழாநெல்லி பிடுங்கி வந்தான். அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். உப்பில்லாத சோறு. இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் அந்த டீத்தண்ணியும் வரவில்லை. காலையிலிருந்து சாயந்திரம் வரை ஒரு சொட்டு இல்லை. முகம் வீங்கி, கண் சிறுத்து, மூச்சு மேலே மேலே வாங்கியது. அப்போதுதான் தனம் கத்தினாள்.

"டேய் ஏழுமல, எலைய அரைச்சது போதும். போயி வண்டி இட்டுகினு வாடா!"

கம்பெனி வேனைக் கேட்டு வாங்கி வந்தார்கள். கால் மடங்கவில்லை என்பதால் கதவைக் கழற்றி அதன் மேல் படுக்க வைத்துத் தூக்கினார்கள். எங்கள் வீட்டுக் கதவு. நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் எங்கள் வீட்டுக்குக் கதவு இல்லை, ஒரு பழைய புடவைதான். கதவு கம்பெனி வேனிலேயே கிடந்தது, கொண்டுவந்து மாட்ட யாருக்கும் நேரமில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கதவில்லாத வீட்டில் என் மகள் பயப்படாமல் இருக்க, பக்கத்து வீட்டு லூர்துமேரி அக்கா இருபத்தாறு நாளும் வாசலை அடைத்துக்கொண்டு படுத்தாள். அந்த அக்கா இப்போது இல்லை. எழுதிக்கொள், அதையும் எழுது.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், மூத்திரப் பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அடியில் கொஞ்சம் கறுப்பாக வந்தது, அவ்வளவுதான். ஒரு லேடி டாக்டர். கண்ணாடி போட்டு, மெலிந்து, என் மகளுக்கு அக்கா மாதிரி இருந்தார். தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியாக என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எவ்வளவு பஸ்கி?"

"எண்ணூத்தி அம்பது."

"தண்ணி?"

"கசரத்துல தண்ணி குடிக்க மாட்டோம்மா."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. சதைக்குள் ஒரு சிவப்புச் சாயம் இருக்கிறது. அளவு தெரியாமல், வெயிலில், தண்ணீர் இல்லாமல் சதையை முறுக்கினால் அது உள்ளே செத்துக் கரையும். அந்தச் சாயம் ரத்தத்தில் கலந்து கிட்னிக்கு வரும். கிட்னி ஒரு சல்லடை. தண்ணீர் நிறைய இருந்தால் சாயத்தை அலசித் தள்ளிவிடும். இல்லாவிட்டால் சாயம் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு ரத்தத்தில் சேர்கிற கழிவு வெளியே போக வழி இல்லை. அந்தக் கழிவுக்கு யூரியா என்று பேர் சொன்னார்.

"வயலுக்குப் போடுறாங்களே, அந்த யூரியாவா?" என்று கேட்டேன்.

"அதேதான். உங்க ஒடம்புல இப்ப ஒரு மூட்டை இருக்கு."

"கிட்னி செத்துப்போச்சாம்மா?"

"செத்துப்போகல. மயங்கியிருக்கு. எழுந்துக்கலாம், எழுந்துக்காமலும் போகலாம். அதுவரைக்கும் அது செய்யற வேலைய நாங்க வெளியேருந்து செய்யணும்."

டாக்டர் போனதும் தனம் என் காதருகே குனிந்தாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"யோவ், நீ தாலிய என் கழுத்துல கட்னியா, அந்தக் கர்லாக்கட்ட கழுத்துல கட்னியா?"

அவள் அழவில்லை. முந்தானையால் என் உள்ளங்காலைத் துடைத்தாள். அதில் இன்னும் கொட்டகைச் செம்மண் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெளியிலிருந்து கழுவுவதற்கு டயாலிசிஸ் என்று பேர். எனக்கு வயிற்று வழியாகச் செய்தார்கள். தொப்புளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு துளை போட்டு, பென்சில் பருமனுக்கு ஒரு குழாயைச் சொருகினார்கள். மேலே தொங்குகிற பாட்டிலிலிருந்து மருந்துத் தண்ணீர் வயிற்றுக்குள் இறங்கும். அரை மணி நேரம் உள்ளே நிற்கும். வயிறு நிறைமாதக்காரி மாதிரி உப்பும். அப்புறம் கட்டிலுக்குக் கீழே இருக்கிற பாட்டிலில் திறந்து விடுவார்கள், அழுக்கோடு வெளியே வரும். மறுபடி மேலே பாட்டில். இப்படி இரண்டு நாள் ஓயாமல். ஏரியை மதகு திறந்து வடிக்கிற மாதிரி என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். எனக்கு மூன்று தடவை செய்தார்கள்.

குழாய் வலியைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது தாகம். கிட்னி அடைத்திருக்கும்போது குடிக்கிற தண்ணீர் வெளியே போகாது, நுரையீரலில் ஏறும். அதனால் கணக்கு வைத்தார்கள். நேற்று எவ்வளவு சிறுநீர் போனதோ அவ்வளவு, அதற்கு மேல் அரை லிட்டர். ஒரு நாளைக்கு, சாப்பாட்டில் இருக்கிற தண்ணீரும் சேர்த்து. மே மாதம். மேலே சுற்றுகிற காற்றாடி சூட்டைத்தான் இறைத்தது. தண்ணீர் குடிப்பதில்லை என்று வீம்பு பிடித்து வந்தவனுக்குத் தண்ணீர் தரமாட்டேன் என்கிறார்கள். இதைவிடச் செருப்படி உண்டா?

ஸ்டெல்லா சிஸ்டர்தான் அந்தக் கணக்கைப் பார்த்தவர். குமணன்சாவடியிலிருந்து பஸ் பிடித்து வருவார். நம் பக்கத்து ஆள் என்பதால் நம் பக்கத்துத் திட்டும் கிடைக்கும். தனம் ஐஸ் கடையிலிருந்து ஒரு துண்டு வாங்கித் துணியில் சுற்றி வந்து என் உதட்டில் வைப்பாள். சிஸ்டர் அதையும் கணக்கில் எழுதிக்கொள்வார். "ஐஸும் தண்ணிதாம்மா, என்ன ஏமாத்தாத."

நான்காம் நாள் ஏழுமலை வந்தான். பூந்தமல்லி வழியாகச் சுற்றிப் போய், நாலு இளநீர் வாங்கி, தலையைச் சீவிக் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு எண்ணியது அவன்தானே. அந்தக் குற்றம் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

"மாமே, இது சூட்ட அப்படியே இறக்கிடும். ஒரே மூச்சுல குடி. ஒண்ணுக்கு தானா வரும்."

சிஸ்டர் வார்டின் அந்தக் கோடியில் இருந்தார். இரண்டு கையாலும் வாங்கினேன். இளநீரின் வாயிலிருந்து வந்த வாசனை எனக்கு இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. உதட்டில் வைத்துவிட்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து பிடுங்கியது. பாதி இளநீர் ஏழுமலை சட்டையில் கொட்டியது.

"யாருய்யா நீ? ஆளக் கொல்ல வந்தியா?"

"இன்னா சிஸ்டர் இப்டி பேசற? எளநி குட்ச்சி எவனாவது செத்திருக்கானா?"

"இந்த வார்டுல செத்திருக்கான். இதுல பொட்டாசியம்னு ஒரு உப்பு கீது. கிட்னி நல்லா இருந்தா வெளிய தள்ளிடும். இவருக்கு கிட்னி மூடிகினு கீது. அது ரத்தத்துல ஏறி நெஞ்சத் துடிக்க வுடாம நிறுத்திடும். புரியுதா? எல்லாரும் இதையேதான் தூக்கினு வர்றீங்க!"

ஏழுமலை கையில் மீதி மூன்று இளநீர் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பெரிய ஆள், மணல் மூட்டையை ஒரு கையில் தூக்குகிறவன், வார்டு நடுவில் உட்கார்ந்து அழுதான்.

"ரெண்டு தபா கொல்லப் பாத்துட்டேனே மாமே…"

"நீ எண்ணத்தான்டா எண்ணுன. ஒக்காந்து எழுந்தது நான்தானே. போ, சட்டைய மாத்து. ஈ மொய்க்குது."

பக்கத்துக் கட்டிலில் திருவள்ளூர்ப் பக்கத்து வயசான விவசாயி ஒருவர். கண்ணாடி விரியன் கடித்துக் கிட்னி அடைத்தவர். அந்த விஷமும் கிட்னியைத்தான் பிடிக்குமாம். அவரைப் பாம்புக்காரர் என்றே கூப்பிட்டோம். அவருக்கு ஒரே வியப்பு.

"எனக்காவது பாம்பு கட்ச்சிது. நீ இன்னாய்யா, ஒன்ன நீயே கட்ச்சிகினியா?"

எங்கள் இரண்டு பேர் கட்டிலுக்கும் கீழே ஆளுக்கு ஒரு சிறுநீர்ப் பாட்டில். அளவுக் கோடு போட்டது. எழுத்து தெரியாவிட்டாலும் எண் எனக்குத் தெரியும். காலையில் சிஸ்டர் பாட்டிலைத் தூக்கிப் பார்க்கும்போது நானும் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். அறுபது மில்லி. ஐம்பது. நாற்பது. முப்பது. பஸ்கியில் நாளுக்குப் பத்து ஏற்றியவனுக்கு இங்கே பத்து பத்தாக இறங்கியது. எட்டாம் நாள் பாம்புக்காரருக்கு இருநூறு வந்தது. கிழவர் படுத்தபடியே மீசையை முறுக்கினார். எதிர்க் கட்டிலில் இருந்த ஒருவருக்கு ஏறவே இல்லை. ஒரு காலையில் அந்தக் கட்டிலில் வேறு விரிப்பு இருந்தது. பாம்புக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு ரோஷம் வந்தது. பயம் என்றும் சொல்லலாம், நான் ரோஷம் என்றே சொல்கிறேன். இவ்வளவுதானா நான்? சுவரில் நாற்பத்தொரு கோட்டோடு முடிகிற ஆளா? கால் விரலை அசைத்துப் பார்த்தேன். வலித்தது. இன்னொரு தடவை அசைத்தேன். பத்து தடவை. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு பத்து. சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"இன்னா பண்ற அங்க?"

"கசரத்து சிஸ்டர்."

அவர் டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் திட்டவில்லை. "வெரல், கணுக்கால், இது வரைக்கும் செய்யலாம். ரத்தம் கட்டாம இருக்க அது நல்லதுதான். முட்டிக்கு மேல போனீங்க, கட்டி வெச்சிடுவேன்" என்றார்.

பதினோராம் நாள் நூறு. பன்னிரண்டாம் நாள் இருநூற்று இருபது. அப்புறம் நானூறு. பதினைந்தாம் நாள் சிஸ்டர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்காட்டினார். நிறைந்திருந்தது. வெறும் தண்ணீர் நிறம். எங்கள் ஊர் ஏரி நிரம்பிக் கலங்கல் மேல் வழிந்த மாதிரி அதற்குப் பிறகு கொட்டிக்கொண்டே இருந்தது. கிட்னி எழுந்தால் முதலில் அப்படித்தான் அளவில்லாமல் ஓடுமாம். இப்போது ஓடுகிற அளவுக்குக் குடி குடி என்று விரட்டினார்கள். தனம் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்தேன். அப்படி ஒரு தண்ணீரை அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "ஒரு வருஷம் நடக்கறது மட்டும்தான். பஸ்கி, தண்டால் எதுவும் கூடாது. ஒரு வருஷம் கழிச்சி ரத்தம் பாத்துட்டு நான் சொல்றேன்." அப்புறம் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "கசரத்துல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"எல்லாரும்."

"எல்லாரும்னா யாரு? ஒரு பேர் சொல்லுங்க."

நான் வழியெல்லாம் யோசித்தேன். வேனில், எங்கள் வீட்டுக் கதவின் மேல் படுத்துக்கொண்டு அம்பத்தூர் வரும் வரை யோசித்தேன். ஒரு பேரும் கிடைக்கவில்லை. பேரே இல்லாத ஒருவன் பேச்சைக் கேட்டு நான் சாகப் போனேன்.

வீட்டில் என் கர்லாக்கட்டைகள் பரண் மேல் ஏறியிருந்தன. கொட்டகைச் சுவரில் என் நாற்பத்தொரு கோட்டையும் தனம் ஏழுமலையை விட்டுச் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டாள். நான் சண்டை போடவில்லை. மனதில் எண்ணிக்கை இருந்தது.

அந்த ஒரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதை, ஐம்பத்திரண்டு வருஷத்தில் கற்றுக்கொள்ளவில்லை. ஆனி, ஆடியில் எதிர்க்காற்று; ஏரிக்கரையில் முதலில் காற்றுக்கு எதிரே நடந்து, களைத்த பிறகு காற்று முதுகைத் தள்ளத் திரும்பி வந்தேன். முதல் நாள் ஒரு தந்திக் கம்பம் தூரம். ஏழுமலை சொன்னபடியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற ஆளாகிவிட்டேன், ஆனால் கையைக் கட்டவில்லை, வீசினேன். ஐப்பசி மழையில் கரை சேறாகி வழுக்கியது. முன்பென்றால் சேற்றிலும் போயிருப்பேன். இப்போது வீட்டுக்குள்ளேயே ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்கினேன், வெளியே மழை பெய்யப் பெய்ய. மார்கழியில் அதிகாலைப் பனியில் தொடை இறுகிக்கொள்ளும், செத்த சதையின் வடு அது. அதனால் வெயில் ஏறி முதுகில் உறைத்த பிறகுதான் கிளம்பினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சோம்பேறி என்றார்கள். சொல்லட்டும். தை, மாசிதான் உடம்புக்குத் திருவிழா. அப்போது இரண்டு பங்கு நடந்தேன், ஆவடி மார்க்கெட் வரை போய்க் காய்கறி தூக்கி வந்தேன். பங்குனி வந்ததும் ஒரு பங்காகக் குறைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானே குறைத்தேன். குறைக்கும்போது வெட்கமாக இல்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

சித்திரைக் கடைசியில் டாக்டரிடம் போனேன். ரத்தம் பார்த்தார். சிரித்தார்.

"கிட்னி சுத்தமா இருக்கு. செய்யலாம். ஆனா கொஞ்சமா. வெயிலுக்கு முன்னால. நடுநடுவுல தண்ணி குடிச்சிகிட்டே. சிறுநீர் கறுத்தா அந்த நிமிஷமே இங்க வரணும்."

வீட்டுக்கு வந்து தனத்திடம் சொன்னேன். ஏழு நாள் பாக்கி இருக்கிறது, முடிக்கப் போகிறேன் என்றேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். சோற்றை வடித்தாள், குழம்பைத் தாளித்தாள்.

"எத்தினி?"

"நாளுக்குப் பத்து. அதுக்கு மேல இல்ல."

"நானும் வர்றேன்."

மறுநாள் விடியும் முன் அவள் இடுப்பில் ஒரு மண்பானை, கையில் ஒரு டம்ளர். நான் முன்னால், அவள் பின்னால். கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வாசலில் ஏழுமலை வழியை மறித்தான்.

"யக்கா, உள்ள பொம்பளைங்க வரக்கூடாதுக்கா."

"நான் வர்ல. பானதான் வருது."

"தண்ணியும் உள்ள வரக்கூடாது."

"யாருடா சொன்னது?" என்று நான் கேட்டேன். "ஒரு பேர் சொல்லு. ஒரே ஒரு பேரு. சொல்லிட்டா நான் அப்பிடியே திரும்பி ஊட்டுக்குப் போறேன்."

ஏழுமலை பின்னால் இருந்தவர்களைப் பார்த்தான். அவர்கள் ஆஞ்சநேயர் படத்தைப் பார்த்தார்கள். தனம் வாசலுக்கு வெளியே, பூவரச மரத்தடியில் பானையை மணலில் அழுத்தி வைத்து, மூடி மேல் டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் உள்ளே போய் ஐந்து பஸ்கி எடுத்தேன். தொடை எரிந்தது. வெளியே வந்து எல்லோரும் பார்க்க ஒரு டம்ளர் குடித்தேன். உள்ளே போய் இன்னொரு ஐந்து. வெளியே வந்து இன்னொரு டம்ளர். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு கோடு போட்டேன்.

"மாமே, மண்டலம் வுட்டுப்போச்சு. சட்டப்படி ஒண்ணுலேர்ந்து போடணும்" என்றான் ஒருவன்.

"இது நாப்பத்திரெண்டு."

"ஒரு வருசம் கயிச்சா?"

"ஒரு வருசமும் நான் சொம்மா இல்ல. பாட்டில் பாட்டிலா எண்ணிகினுதான் இருந்தேன்."

சிலர் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை.

ஏழு நாளும் தனம் பானையை வைத்தாள். ஏழு நாளும் நான் பத்து எடுத்தேன். நாற்பத்தெட்டாம் நாள் ஐந்நூறு எங்கே என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். ஏழாவது கோட்டைப் போட்டுவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன். கத்திரி வெயில் அப்போதுதான் தகரத்தில் ஏற ஆரம்பித்தது. அந்தச் சுவரில் இருந்தது ஏழே ஏழு கோடு. எனக்கு அது நாற்பத்தெட்டு.

அன்றைக்குப் பானையை எடுக்க வந்த தனம், அதைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஏழுமலையைக் கூப்பிட்டாள்.

"டேய், ஒங்க மாமா ரெண்டு டம்ளருதான் குடிக்கறாரு. நான் பான நெறைய வெக்கிறேன். தெனிக்கும் மத்தியானம் வந்து பாத்தா காலியா கீது. யாருடா குடிக்கறீங்க?"

"நாங்க தொட மாட்டோம்க்கா. ஆஞ்சநேயர் மேல சத்தியமா."

"அப்ப எங்கடா போச்சு?"

ஏழுமலை மேலே பார்த்தான். மீசையில் ஒட்டியிருந்த ஈரத்தைப் புறங்கையால் துடைத்தான்.

"வெயிலு குட்ச்சிருக்கும்க்கா."

வெயில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தது.